பழைய நண்பனோடு மெல்லிசைக் குழுவில் சேர்பவர்கள் செய்யும் தவறுகள்

கல்லூரியில் என்னோடு மேடையேறிய நண்பன் இருபத்திரண்டு வருடம் கழித்து ஒருநாள் கூப்பிட்டான். "இளையராஜா பாட்டு மட்டும் வாசிக்கிற மாதிரி ஒரு குழு ஆரம்பிக்கிறோம்டா. பேஸ் கிட்டாருக்கு ஆள் இல்ல. நீ வந்துடு." பாட்டின் அடியில் ஓடும் தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் கிட்டார் அது. அவன் பேசி முடிப்பதற்குள் சரி என்று சொல்லிவிட்டேன். நான்கு வருடமாக வாசிக்கிறேன், சேர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்த அவசர 'சரி'யால் வந்த சிரமங்களைத் தவிர்த்திருக்கலாம். வேலை, குடும்பம் என்று ஓடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இப்படி ஓர் அழைப்பு வந்தால், நாங்கள் தடுக்கி விழுந்த இடங்கள் தெரிந்திருப்பது நல்லது.

முதலில் நேரக் கணக்கு. வாரத்துக்கு மூன்று மணி நேர ஒத்திகை என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். கச்சேரி என்று வந்தால் அன்றைய நாள் முழுதும் போய்விடும். மாலை 6.30 மணி கச்சேரிக்கு மதியம் 2 மணிக்கே போய் மைக் செட்காரரோடு ஒலி சரிபார்க்க வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்வதால் கச்சேரி பெரும்பாலும் அதற்குள் முடிந்துவிடும். ஆனால் வயர்களைச் சுருட்டி, சாப்பிட்டு, வீடு வந்து சேர நள்ளிரவு தாண்டிவிடும்.

வருடக் கணக்கும் இருக்கிறது. நான் வங்கி ஊழியன். மார்ச் மாதம் எங்களுக்குக் கணக்கு முடிப்பு. கோயில் திருவிழாக் கச்சேரிகள் குவியும் மாசி, பங்குனியும் அதே சமயத்தில்தான். முதல் வருடம் இரண்டையும் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். ஒரு கச்சேரி நாளில் அலுவலகத்தை விட்டு என்னால் கிளம்பவே முடியவில்லை. அன்று நண்பன் கீபோர்டில் வலது கையால் தன் பகுதியையும் இடது கையால் என் பேஸையும் வாசித்து ஒப்பேற்றினான். வரும் தேதிகளைவிட வர முடியாத தேதிகளைத்தான் முதலில் குழுவிடம் சொல்ல வேண்டும் என்று அன்று புரிந்தது. அந்தப் பட்டியலை இப்போது நானும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுகிறோம்.

அடுத்த தவறு, ஒத்திகையில் போய்ப் பாடலைக் கற்றுக்கொள்ளலாம் என்று நினைப்பது. நேரமில்லாத ஏழெட்டுப் பேர் ஓர் அறையில் கூடியிருக்கும்போது ஒருவர் மட்டும் பாடலை போனில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தால் மற்றவர்களின் ஞாயிற்றுக்கிழமையும் வீணாகிறது. பாடலை வீட்டில் படித்துவிட்டு வர வேண்டும். எங்கே நுழைவது, எங்கே நிறுத்துவது, யாரைப் பார்த்து வாசிப்பது என்பதைத்தான் ஒத்திகையில் சரிசெய்ய வேண்டும்.

இளையராஜா பாடல்களுக்கு இது இன்னும் அவசியம். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தவர் அவர். அவருடைய பல பாடல்களில் பேஸ் கிட்டார், பாட்டின் அடியில் சும்மா தாளம் தட்டிக்கொண்டிருக்காது; பாடகரின் மெட்டுக்குப் பதில் சொல்லும் இன்னொரு மெட்டாகவே ஓடும். கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டின்) மூல சுரத்தை மட்டும் வாசித்துத் தப்பித்தால், என்ன குறைகிறது என்று கேட்பவருக்குச் சொல்லத் தெரியாது. ஏதோ குறைகிறது என்பது மட்டும் தெரியும். முதல் சரணத்துக்கு முன்னால் வரும் இடையிசை இரண்டாவது சரணத்துக்கு முன்னால் பெரும்பாலும் வேறாகிவிடும். அதனால் ஒரு பாடலுக்குள் மூன்று பாடல் படிப்பதுபோல இருக்கும். இருபது வருடம் தொடாத கிட்டாரில் விரல் நுனி முதல் வாரமே கொப்பளிக்கும். தினமும் இருபது நிமிடம் வாசிப்பது ஞாயிறு முழுக்க உட்காருவதைவிடப் பலன் தரும். வேலைக்குப் போகிறவருக்கு முடியக்கூடியதும் அதுதான்.

பாடல் எண்ணிக்கையிலும் பேராசை கூடாது. மூன்று மணி நேரக் கச்சேரிக்கு, பேச்சோடு சேர்த்து, இருபத்தைந்து பாடல்கள் தாராளம். நாங்கள், 1976 முதல் எண்பதுகள் முடிய வந்த பாடல்களில் அறுபதை எழுதிக்கொண்டு ஆரம்பித்தோம். நான்கு மாதம் ஆகியும் ஒன்றுகூட மேடைக்குத் தயாராகவில்லை. அப்புறம் பன்னிரண்டாகக் குறைத்தோம். ஆறு வாரத்தில் அவை முடிந்தன.

ஸ்கேல், அதாவது பாடலை எந்தச் சுருதியில் வாசிப்பது என்ற விஷயத்தில் பல குழுக்கள் மேடையில் தடுமாறிப் பார்த்திருக்கிறேன். பாடகருக்கு அன்று தொண்டை கட்டியிருக்கிறது, அரைக்கட்டை இறக்கச் சொல்வார். கீபோர்டில் சுருதியை மொத்தமாக ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்தினால் வேலை முடிந்தது. கிட்டார்காரருக்கோ திறந்த கம்பியில் வாசித்த இடமெல்லாம் மாறிவிடும். அதனால் எந்தப் பாடல் எந்த ஸ்கேல் என்று ஒத்திகையிலேயே முடிவுசெய்து எல்லோரும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். முந்தைய பாட்டுக்கு மாற்றிய டிரான்ஸ்போஸைத் திரும்ப எடுக்காமல் அடுத்த பாட்டின் முன்னிசையைத் தொடங்கிவிடுவதும் நடக்கும். எங்களுக்கு நடந்தது. பாடல் வரிசைத் தாளில் ஒவ்வொரு பாடலுக்கு எதிரிலும் டிரான்ஸ்போஸ் எண்ணையும் இப்போது எழுதுகிறோம். இணையத்தில் கிடைக்கும் பழைய பதிவுகளில் சில, கேசட் ஓடிய வேகத்தால் இரண்டு சுரங்களுக்கு நடுவே நிற்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். அதைக் கேட்டு ஆளுக்கொரு ஸ்கேலில் படித்துவிட்டு வருவார்கள்.

இத்தனை வயலின்களுக்கு எங்கே போவது என்று பயந்து கரோக்கியை ஓடவிட்டு மேலே வாசிக்கிற குழுக்கள் இருக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு புல்லாங்குழல், ஒரு கீபோர்டு, சரியான பேஸ், நல்ல தபலா இருந்தால் பாட்டு உயிரோடு நிற்கும். தாளம் பாடகரோடு சேர்ந்து மூச்சுவிட வேண்டும். ஓடவிட்ட பதிவு யாருக்காகவும் நிற்காது.

உரிமை பற்றி யாரும் பேசுவதில்லை, பேச வேண்டும். திருமணத்தையொட்டிய கொண்டாட்டத்தில் பாடுவதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு உண்டு. டிக்கெட் போட்டு நடத்தும் நிகழ்ச்சிக்கு அது பொருந்தாது. உரிமம் வாங்க வேண்டும். அது யார் பொறுப்பு, குழுவுடையதா நடத்துபவருடையதா என்பதை முன்பணம் வாங்கும்போதே எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எஸ்.பி. பாலசுப்ரமணியம் தொடக்க காலத்தில் நடத்திய மெல்லிசைக் குழுவில் கிட்டாரும் ஆர்மோனியமும் வாசித்தவர் இளையராஜா. அந்த நண்பர்களுக்கு இடையிலேயே 2017-இல் மேடைப் பாடல் உரிமைக்காக வக்கீல் நோட்டீஸ் வந்தது. 2019-இல் இருவரும் மறுபடி ஒரே மேடையில் நின்றதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

நண்பன் என்பதால் பணம் பேசக் கூச்சப்படுவதும் தவறுதான். ஒத்திகை அறை வாடகை, வேன், பெட்ரோல் எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டு இருக்கட்டும், எல்லோர் கண்ணிலும் படட்டும். அதைவிடப் பெரிய தவறு, கல்லூரிக் கால உரிமையில் அவனை மேடையில் திருத்துவது. ஒருமுறை அவன் தவறான இடத்தில் நுழைந்தபோது எல்லோர் முன்னாலும் தலையை ஆட்டினேன். அடுத்த மூன்று பாட்டுக்கு அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. பெரும்பாலும் அவனைப் பார்த்துத்தான் நான் நிறுத்தங்களைப் பிடிப்பேன், அன்று அதுவும் போயிற்று. மேடையில் எது நடந்தாலும் வாசித்துக்கொண்டே போக வேண்டும், பேச்செல்லாம் மறுநாள் டீக்கடையில் என்று அப்புறம் முடிவுசெய்தோம்.

எல்லோருக்கும் ஒரு மாற்று ஆள் வேண்டும் என்று கடைசியாகத்தான் கற்றோம். பேஸ் வாசிக்கும் ஒரு கல்லூரி மாணவரைப் பிடித்து, என் குறிப்புகள் முழுவதையும் நகலெடுத்துக் கொடுத்து, இரண்டு ஒத்திகைக்கு அவரை உட்காரவைத்தேன். மார்ச் மாதக் கச்சேரிகள் இப்போது அவருடையவை. போன பங்குனியில் வேலை முடித்து இரவு 9 மணிக்கு ஓடிப்போய்க் கூட்டத்தோடு நின்று கேட்டேன். கீபோர்டுக்குப் பின்னாலிருந்து நண்பன் என்னைப் பார்த்துவிட்டான். கடைசிப் பாட்டுக்கு மட்டும் அந்தப் பையன் கிட்டாரைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.