புதிர்களால் கணக்கு சொல்லித்தருகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

சனிக்கிழமை மாலைகளில் எங்கள் ஊர் நூலகத்தின் பின்பக்க வராந்தாவில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கூடுவார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை. ஒரு டப்பா புளியங்கொட்டை, இரண்டு ஜோடி தாயக்கட்டை, ஒரு பல்லாங்குழி, கொஞ்சம் சாக்பீஸ். இவ்வளவுதான் சாமான். புதிரும் விளையாட்டும் வழியாகக் கணக்கையும் தர்க்கத்தையும் சொல்லித்தருவது சுலபம் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். பிள்ளைகள் ஆர்வமாக வருவது சுலபம்தான். ஆனால் நான் பார்த்தவரை, அந்த ஆர்வத்தைக் கெடுக்கும் தவறுகள் எல்லாம் பெரியவர்கள் கையால்தான் நடக்கின்றன. சிலவற்றை நானே செய்திருக்கிறேன்.

இருப்பதிலேயே பெரிய தவறு, சூட்சுமத்தைச் சொல்லிவிடுவது.

21 புளியங்கொட்டையைக் கொட்டி வையுங்கள். இரண்டு பேர் மாறி மாறி எடுக்க வேண்டும். ஒரு முறைக்கு ஒன்று, இரண்டு அல்லது மூன்று எடுக்கலாம். கடைசிக் கொட்டையை எடுப்பவருக்கு ஜெயம். முதலில் ஆடுபவர் ஒன்றை எடுத்து 20 மிச்சம் வைத்தால் போதும். அப்புறம் எதிராளி எத்தனை எடுத்தாலும், இரண்டு பேர் எடுத்ததும் சேர்ந்து நாலு வருகிற மாதிரி எடுத்துக்கொண்டே போகலாம். 16, 12, 8, 4 என்று இறங்கி, கடைசிக் கொட்டை நம் கைக்கு வந்துவிடும்.

தொடங்கிய புதிதில் இதைப் பத்தே நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டேன். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. வீட்டுக்குப் போய் அப்பா, சித்தப்பா எல்லாரையும் தோற்கடித்துவிட்டு வந்தார்கள். அடுத்த வாரம் விதியில் ஒன்றை மட்டும் மாற்றினேன்: இனி நாலு வரைக்கும் எடுக்கலாம். ஒரு பையன் வழக்கம்போல ஒன்றை எடுத்து 20 வைத்தான். நான் நாலு எடுத்தேன். அவன் கை கொட்டைகளுக்கு மேலேயே நின்றுவிட்டது. "சேர்ந்து நாலு" என்று மனப்பாடம் செய்தவனுக்கு, அந்த நாலையும் நானே எடுத்துவிட்ட பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. இன்னும் ஒன்றை எடுத்து ஐந்தாக்கினால் போதும் என்பது அவனுக்குத் தோன்றவேயில்லை. எப்படித் தோன்றும்? அந்த நாலு எங்கிருந்து வந்தது என்று அவன் ஒருநாளும் தேடியதில்லை. தேட நான் விடவில்லை.

இப்போதெல்லாம் 21-இல் ஆரம்பிப்பதே கிடையாது. ஐந்து கொட்டையில் ஆரம்பிக்கிறோம். ஆட்டம் அரை நிமிடத்தில் முடிந்துவிடும், திரும்பத் திரும்ப ஆடலாம். அப்புறம் ஆறு, ஏழு, எட்டு. போன வருடம் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, ஆடிக்கொண்டே இருந்தவள் திடீரென்று நிமிர்ந்து, "அக்கா, நாலு மிச்சம் இருக்கும்போது யாரோட முறையோ அவங்க காலி" என்றாள். அதிலிருந்து எட்டுக்கு வர அவர்களுக்கு இன்னும் ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரமும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஆனால் அப்படி வந்த கூட்டத்திடம் விதியை எப்படி மாற்றிக் கொடுத்தாலும் தடுமாறுவதில்லை. மறுபடி ஐந்து கொட்டைக்குப் போய் அங்கிருந்து ஏறி வருகிறார்கள். பெரிய கணக்கைச் சின்னதாக்கிப் பார் என்பதை அவர்களுக்கு யாரும் வாயால் சொல்லவில்லை.

குறிப்பு கொடுப்பதிலும் இதே ஆபத்து இருக்கிறது. புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோகும் புதிர் நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். ஓநாய், ஆடு, முட்டைக்கோஸ் என்று ஐரோப்பாவில் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய லத்தீன் தொகுப்பிலேயே இது இருக்கிறது. படகு ஏழு முறை ஆற்றைக் கடந்தால் முடிந்தது. அதில் ஒரே ஒரு இடத்தில்தான் முடிச்சு: அக்கரை சேர்த்த ஆட்டைத் திரும்ப இக்கரைக்குக் கொண்டுவர வேண்டும். "கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டுவரக் கூடாதுன்னு யார் சொன்னது?" என்று கேட்டுவிட்டால் குறிப்பு கொடுத்ததாக நினைத்துக்கொள்வோம். உண்மையில் புதிரே முடிந்துவிட்டது. சிக்கி நிற்கும் பிள்ளையிடம் நான் இப்போது கேட்பது ஒன்றுதான்: "இதுவரைக்கும் என்னென்ன செஞ்சு பார்த்தே, ஒவ்வொண்ணா சொல்லு." பாதி நேரம், சொல்லிக்கொண்டு வரும்போதே எதை விட்டோம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. விளையாட விட்டுவிட்டு, "விளையாடினாலே மூளை வளரும்" என்று இருந்துவிடுவது. தாயம் தலைமுறை தலைமுறையாக ஆடுகிறோம். தாயம் விழாமல் காய் இறக்க முடியாது, அதற்காக அரைமணி நேரம் காத்துக் கிடக்கிறோம். ஏன் அவ்வளவு நேரம் ஆகிறது என்று யாராவது கேட்டிருக்கிறோமா?

ஒரு நாள் கேட்டேன். ஒவ்வொரு கட்டையிலும் 0, 1, 2, 3 என்று நாலு பக்கம். இரண்டையும் உருட்டினால் கூட்டுத்தொகை 0 முதல் 6 வரை வரலாம். இரண்டிலும் 0 விழுந்தால் அதைப் பன்னிரண்டு என்கிறோம். ஒரு பையன் உடனே சொன்னான்: "ஏழு விதமா விழலாம், அதனால ஏழுல ஒரு தடவை தாயம்." தப்பு என்று சொல்லவில்லை. தரையில் ஏழு வரிசை வரைந்து, விழ விழ ஒரு கோடு போடச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் மூன்றின் வரிசை நீண்டுகொண்டே போனது. ஆறும் பன்னிரண்டும் நொண்டின. "கட்டை சரியில்லக்கா" என்றான். கட்டையை மாற்றினோம். அதே கதை.

அப்புறம் ஒரு கட்டையில் மட்டும் சிவப்பு நூல் சுற்றிக் கொடுத்தேன். நூல் கட்டையில் 1, வெறும் கட்டையில் 0 விழுந்தால் தாயம். நூல் கட்டையில் 0, வெறும் கட்டையில் 1 விழுந்தாலும் தாயம். அது வரைக்கும் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தவை இப்போது தனித்தனியாகத் தெரிந்தன. அவர்களே பட்டியல் போட்டார்கள்: மொத்தம் 16 வழி. அதில் மூன்றுக்கு நாலு வழி, இரண்டுக்கும் நாலுக்கும் மூன்று மூன்று, தாயத்துக்கும் ஐந்துக்கும் இரண்டு இரண்டு, ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் ஒன்றே ஒன்று. ஆகத் தாயம் எட்டில் ஒரு பங்கு. எங்கள் பக்கம் 1, 5, 6, 12 விழுந்தால் இன்னொரு முறை உருட்டலாம். அதற்கு 16-இல் 6 வழி இருப்பதையும் கூட்டிச் சொன்னார்கள். இத்தனையும் ஆட்டத்தை நிறுத்திப் பேசிய இருபது நிமிடத்தில் கிடைத்தது. நிறுத்தாமல் விட்டிருந்தால் அன்றைக்கும் வெறும் தாயம்தான் ஆடியிருப்போம்.

ஒழுங்கு ஒன்று கண்ணில் பட்டதும் "சபாஷ்" சொல்லி முடித்துவிடுவது அடுத்தது. இதற்கு என்னிடம் ஒரு வட்டம் இருக்கிறது. வட்டத்தின் மேல் இரண்டு புள்ளி வைத்து இணைத்தால் உள்ளே 2 துண்டு. மூன்று புள்ளி வைத்து ஒன்றோடொன்று இணைத்தால் 4. நாலுக்கு 8, ஐந்துக்கு 16. ஆறு புள்ளிக்கு எத்தனை? வகுப்பே "முப்பத்திரண்டு" என்று கத்தும். வரைந்து எண்ணச் சொல்லுங்கள். 31தான் வரும். எண்ணியது தப்பு என்று மூன்று முறை அழித்து வரைவார்கள். (புள்ளிகளைச் சரிசமமான இடைவெளியில் வைத்துவிடாதீர்கள். மூன்று கோடுகள் நடுவில் ஒரே இடத்தில் வெட்டி, 30 ஆகிவிடும்.) "ஏன் எப்பவும் அப்படித்தான் வரும்னு நிச்சயமா சொல்ற?" என்று ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையிடம் கேட்க ஆரம்பிப்பது இந்த வட்டத்துக்குப் பிறகுதான். எனக்கு ரொம்பப் பிடித்த புதிர் இது.

வாட்ஸாப்பில் சுற்றும் "நூற்றில் ஒருவரால்தான் முடியும்" வகைப் புதிர்களை அப்படியே வகுப்பில் போடாதீர்கள். 1+4=5, 2+5=12, 3+6=21, அப்படியானால் 8+11 எவ்வளவு என்று ஒன்று வரும். முந்தைய வரியின் விடையையும் சேர்த்துக் கூட்டினால் 40. முதல் எண்ணால் இரண்டாவதைப் பெருக்கி முதல் எண்ணையே கூட்டினால் 96. இரண்டும் எல்லா வரிக்கும் பொருந்துகிறது. அனுப்பியவர் மனதில் 40 இருந்தால், 96 சொன்ன பிள்ளை முட்டாள் ஆகிவிடுகிறது. தர்க்கத்துக்குச் செய்யும் அநியாயம் இது. போடுவதானால் இரண்டு விடைக்கும் காரணம் கேட்டு, இரண்டையும் பலகையில் எழுதுங்கள்.

தேனில் குழைத்த மருந்து மாதிரி, வாய்ப்பாட்டுப் பயிற்சியைப் பாம்புக் கட்டத்துக்குள் ஒட்டவைத்து விளையாட்டு என்று கொடுப்பதையும் பார்க்கிறேன். பிள்ளைகள் நாக்கில் வைத்ததும் கண்டுபிடித்துவிடுகிறார்கள். பயிற்சி வேண்டுமென்றால் பயிற்சி என்றே சொல்லிக் கொடுக்கலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

ஸ்டாப்வாட்ச், முதல் பரிசு இரண்டும் வேண்டாம். மெதுவாக யோசிக்கிற பிள்ளை இரண்டாவது வாரமே வராமல் நின்றுவிடும். பள்ளியில் கணக்கை முதலில் முடித்தவர்களுக்கு மட்டும் புதிர் கொடுப்பதும் அதே வகைதான். புதிர் அதிகம் தேவைப்படுவது முடிக்க முடியாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்கு.

கடைசியாக ஒன்று. விதி நம்முடையது என்று பிடித்து வைத்துக்கொள்வதும் தவறுதான். "நாலு மிச்சம் இருந்தா காலி" என்று சொன்ன அதே பெண், இந்த ஜூனில் புது விதியோடு வந்தாள்: 1, 3 அல்லது 4 எடுக்கலாம், இரண்டு மட்டும் எடுக்கக் கூடாது. 21 கொட்டையைக் கொட்டி, "நீங்களே முதல்ல எடுங்கக்கா" என்றாள். தோற்றேன். மறுபடியும் நானே முதலில் எடுத்தேன், மறுபடியும் தோற்றேன். அன்று ராத்திரி வீட்டில் சின்ன எண்ணிலிருந்து போட்டுப் பார்த்தபோது 2, 7, 9 மிச்சம் இருக்கையில் யார் முறையோ அவருக்குத் தோல்வி என்று தெரிந்தது. அடுத்த சனிக்கிழமை அவளுடைய நோட்டைக் காட்டினாள். அதில் 14, 16 வரைக்கும் வட்டம் போட்டிருந்தது. 21-க்குப் பெரிய வட்டம்.