மூன்று கணுக்களில் குளஸ்டர்எஃப்எஸ் நிறுவும் முறை

கணினிக் கொத்தில் ஒரு கணக்கீடு எந்தக் கணுவில் (கொத்திலுள்ள ஒவ்வொரு கணினியும் ஒரு கணு) ஓடினாலும், அதற்கு வேண்டிய கோப்புகள் அங்கே கிடைக்க வேண்டும்; அது எழுதும் முடிவுகளை மற்ற கணுக்களும் படிக்க முடிய வேண்டும். ஒரே சர்வரில் என்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு முறையை வைத்தும் இதைச் செய்துவிடலாம், ஆனால் அந்தச் சர்வர் நின்றால் கொத்து முழுவதும் நின்றுவிடும். குளஸ்டர்எஃப்எஸ் கோப்புகளைப் பல கணுக்களின் வட்டுகளில் வைத்து ஒரே அடைவு மரமாகக் காட்டுகிறது. லஸ்டர் என்ற மற்றொரு கோப்பு முறைமையில் இருப்பதுபோல மெட்டாடேட்டாவுக்கென (கோப்பின் பெயர், அளவு, உரிமை போன்ற விவரங்களுக்கென) தனிச் சர்வர் இதற்குத் தேவையில்லை. கோப்பின் பெயரை ஹாஷ் செய்தே, அதாவது பெயரிலிருந்து ஓர் எண்ணை வருவித்தே, அது எங்கே இருக்கிறது என்பதைக் கிளையன்ட் (கோப்பைப் பயன்படுத்தும் கணு) கணக்கிட்டுக்கொள்கிறது. 2011இல் குளஸ்டர் நிறுவனத்தை வாங்கிய ரெட் ஹாட், இதன் வணிகப் பதிப்புக்கான ஆதரவை 2024 இறுதியோடு நிறுத்திவிட்டது. ஆகவே பல ஆண்டுகள் வளரப்போகும் பெரிய கொத்துக்குச் செஃப் என்ற மற்றொரு சேமிப்பு மென்பொருளையே பரிந்துரைப்பேன். சில கணுக்கள் மட்டுமே உள்ள ஆய்வகத்துக்கு, திறமூலமாகக் கிடைக்கும் குளஸ்டர் இன்றும் எளிய வழிதான்.

கட்டளைகளைத் தொடும் முன்பே எத்தனை நகல்கள் என்பதைத் தீர்மானித்துவிட வேண்டும். இடம் மிச்சமாகும் என்று இரண்டு நகல்களோடு நிறுத்திக்கொள்ளும் ஆசை பலருக்கும் வரும். இரு கணுக்களுக்கும் இடையே தொடர்பு அறுந்த வேளையில் ஒரே கோப்பு இரண்டு பக்கமும் வெவ்வேறாக மாற்றப்பட்டால், எது சரியான நகல் என்று சொல்ல மூன்றாவது சாட்சி இருக்காது. ஸ்பிளிட் பிரெயின் எனப்படும் இந்த நிலையை மென்பொருளால் எப்போதும் தானாகத் தீர்த்துவிட முடியாது. மூன்று நகல் வைத்தால் பெரும்பான்மை கிடைக்கும், ஆனால் 4 டெராபைட் வட்டுகள் மூன்றைப் போட்டாலும் பயன்பாட்டுக்கு 4 டெராபைட்தான் மிஞ்சும். அது கட்டுப்படியாகாதென்றால், மூன்றாம் கணுவை ஆர்பிட்டராக அமைக்கலாம்: அது கோப்புகளின் பெயர்களையும் மெட்டாடேட்டாவையும் மட்டும் வைத்துக்கொள்வதால் சிறிய வட்டே போதும்.

அடுத்து ஆயத்தங்கள். மூன்று கணுக்களும் ஒன்றையொன்று பெயரால் அறிய ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரே பதிவுகளை இடுங்கள். குரோனி கொண்டு நேரத்தை ஒத்திசையுங்கள். பயனர் எண்களும் குழு எண்களும் எல்லாக் கணுக்களிலும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒருவருடைய கோப்பு அடுத்த கணுவில் வேறொருவருடையதாகத் தெரியும். ஃபயர்வாலில் 24007 போர்ட்டையும், பிரிக்குகளுக்கான (இவை என்னவென்று அடுத்துச் சொல்கிறேன்) 49152 முதல் 60999 வரையுள்ள போர்ட்களையும், கொத்தின் உள்வலையமைப்புக்கு மட்டும் திறந்துவிடுங்கள்.

அதிகக் கவனம் வேண்டியது பிரிக் விஷயத்தில்தான். பிரிக் என்பது, பெயருக்கேற்பச் செங்கல்: ஒவ்வொரு கணுவும் பொதுச் சேமிப்புக்குக் கொடுக்கும் ஓர் அடைவு. இதற்கெனத் தனி வட்டை ஒதுக்கி எக்ஸ்எஃப்எஸ் வடிவில் ஃபார்மட் செய்யுங்கள். குளஸ்டர் தன் குறிப்புகளைக் கோப்பின் நீட்டிப்புப் பண்புகளில் எழுதுவதால் ஐநோடு (கோப்பின் விவரங்களை வைக்கும் பதிவு) அளவு 512 பைட் இருக்க வேண்டும்; புதிய லினக்ஸ் பதிப்புகளில் இயல்பாகவே அப்படித்தான் இருக்கும். தொடக்கத்தில் இணைக்க வேண்டிய வட்டுகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேபில் வட்டைப் பதியும்போது சாதனப் பெயரால் அல்லாமல், யுயுஐடி என்ற தனி அடையாள எண்ணால் குறிப்பிடுங்கள், ஏனெனில் சாதனப் பெயர்கள் மறுதொடக்கத்தில் இடம் மாறக்கூடியவை. வட்டு மவுண்ட் ஆகும் (இணைக்கப்படும்) அடைவையே பிரிக்காகக் கொடுக்காமல், அதற்குள் ஒரு துணை அடைவை உருவாக்கி அதைக் கொடுங்கள்: ஒருநாள் வட்டு மவுண்ட் ஆகாமல் போனால் அந்தத் துணை அடைவும் இருக்காது, ஆகவே தரவு தவறுதலாக இயங்குதளம் இருக்கும் ரூட் பகிர்வில் போய் நிறையும் பேச்சுக்கே இடமில்லை. ரூட் பகிர்வில் பிரிக் அமைக்க முயன்றால் குளஸ்டரே மறுத்து, 'ஃபோர்ஸ்' என்ற சொல்லைச் சேர்க்கச் சொல்லும், சேர்க்காதீர்கள்.

இனி வேலை சுருக்கமானது. மூன்று கணுக்களிலும் குளஸ்டர் சர்வர் பொதியை நிறுவி, குளஸ்டர்டி சேவையைத் தொடங்குங்கள். முதல் கணுவிலிருந்து 'பியர் புரோப்' கட்டளையால் மற்ற இரண்டையும் சேர்த்துவிட்டு, இரண்டாம் கணுவிலிருந்து முதல் கணுவையும் ஒருமுறை புரோப் செய்யுங்கள்; அப்போதுதான் முதல் கணுவும் ஐபி முகவரியாக இல்லாமல் பெயராகப் பதிவாகும். பிரிக்குகள் சேர்ந்த பொதுச் சேமிப்பே வால்யூம்: 'வால்யூம் கிரியேட்' கட்டளையில் ரெப்ளிக்கா 3 என்று குறிப்பிட்டு மூன்று பிரிக்குகளின் பாதைகளையும் கொடுத்தபின், 'வால்யூம் ஸ்டார்ட்' இடுங்கள். இயல்புநிலையில் எந்தக் கிளையன்டும் இணைய முடியும் என்பதால் 'ஆத் அலவ்' அமைப்பில் உங்கள் கணுக்களின் முகவரிகளை மட்டும் அனுமதியுங்கள்.

கோப்புகளைப் பயன்படுத்தும் ஒவ்வொரு கணுவிலும் வால்யூமை குளஸ்டர்எஃப்எஸ் வகையில் மவுண்ட் செய்ய வேண்டும். அப்போது கொடுக்கும் சர்வர் பெயர் வால்யூமின் விவரத்தைப் பெறுவதற்கு மட்டுமே. அதன்பின் கிளையன்ட் எல்லாப் பிரிக்குகளோடும் நேரடியாகவே பேசும். ஆனாலும் மவுண்ட் செய்யும் அந்தக் கணத்தில் அந்தச் சர்வர் நின்றிருக்கக்கூடும் என்பதால், எஃப்எஸ்டேபில் மற்ற இரு கணுக்களை மாற்றுச் சர்வர்களாகவும், வலையமைப்பு வந்தபின்பே மவுண்ட் ஆகும்படி நெட்டெவ் விருப்பத்தையும் சேருங்கள். எழுதுவதும் படிப்பதும் இந்த மவுண்ட் வழியாக மட்டுமே நடக்க வேண்டும். பிரிக் அடைவுக்குள் நேரடியாக ஒரு கோப்பை வைப்பது நகல்களின் கணக்கைக் குலைத்துவிடும். கிளையன்டே மூன்று நகல்களையும் அனுப்புவதால், பிரிக் இல்லாத கணுவிலிருந்து எழுதும் வேகம் வலையமைப்பின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை உருவாக்கும் வேலைகளுக்கு அந்தந்தக் கணுவின் உள்வட்டே நல்லது.

உண்மையான தரவை ஏற்றும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். பெரிய கோப்பொன்றை எழுதிக்கொண்டிருக்கும்போது, எழுதும் கணு அல்லாத மற்றொரு கணுவின் வலையமைப்புக் கேபிளைப் பிடுங்குங்கள். எழுதுதல் சற்று உறைந்து நிற்கும். பதறாதீர்கள், பிங் டைம்அவுட்டின் இயல்பு மதிப்பு 42 விநாடி. அது கடந்ததும் மீதமுள்ள இரண்டு பிரிக்குகளில் வேலை தொடரும். இரண்டாவதையும் பிடுங்கினால் பெரும்பான்மை இல்லாததால் எழுதுதல் மறுக்கப்படும், அப்படித்தான் நடக்க வேண்டும். கேபிள்களைத் திரும்பச் செருகிவிட்டு 'ஹீல் இன்ஃபோ' கட்டளையைப் பாருங்கள்: நகல்களைச் சரிசெய்ய நிலுவையிலுள்ள கோப்புகளின் எண்ணிக்கை மூன்று பிரிக்குகளிலும் பூஜ்யத்துக்கு வரும்வரை அடுத்த கணுவை நிறுத்த வேண்டாம்.