ஊட்டி வளர்த்தால் போதாது, உத்தரவும் வேண்டும்

ஆஸ்பத்திரிப் படிவத்தில் ‘நோயாளிக்கு உறவு முறை’ என்று ஒரு கட்டம் இருக்கும். குடல்வால் அறுவைச் சிகிச்சைக்குப் பிள்ளையை உள்ளே கொண்டுபோகும் நேரத்தில் நான் அதில் ‘தாய்’ என்று எழுதினேன். ஆதார் அட்டையைப் பார்த்த செவிலியர், “பெயர் பொருந்தவில்லையே அம்மா” என்றார். அடித்துவிட்டு ‘பெரியம்மா’ என்று எழுதினேன். “யார் வழியில் பெரியம்மா?” என்றார். அதையும் அடித்தேன். மூன்றாவதாக எழுதக் கட்டத்தில் இடமும் இல்லை, என்னிடம் சொல்லும் இல்லை. கடைசியில் மருத்துவர் தம் பொறுப்பில் சிகிச்சையைத் தொடங்கினார். அந்த அரை மணி நேரத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

பாம்பனில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த தோழியின் மகள் அவள். தோழி மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தாள். அடுத்த ஆண்டே, விசைப்படகில் கூலிக்குப் போன அவள் கணவர் கடலில் தவறி விழுந்தார், உடல் கிடைக்கவில்லை. ஏழு வயதுப் பிள்ளை அன்று இரவு எங்கள் வீட்டில் சாப்பிட்டுப் படுத்தாள், அப்படியே தங்கிவிட்டாள். இரண்டு ஆண்டுகள் ஒரு தாளும் இல்லாமல் வளர்த்தோம். அது தவறு. நீங்கள் அந்தத் தவறைச் செய்ய வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் பிள்ளை உங்களுக்கு என்ன உறவு என்று பாருங்கள்; வழி அதிலேயே பிரிகிறது. தாத்தா, பாட்டி, சித்தப்பா, அத்தை, மாமா, சித்தி என்று இரத்த உறவாக இருந்தால் சட்டம் அதை வளர்ப்புப் பராமரிப்பு, அதாவது அடுத்தவர் பிள்ளையை உத்தரவோடு வீட்டில் வைத்து வளர்ப்பது, என்று கணக்கிடாது. உங்களுக்கு உரியது, பிள்ளையை வளர்க்க அரசு மாதாமாதம் பணம் தரும் நிதி ஆதரவுத் திட்டம். கிராமத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கும், நகரத்தில் 96,000 ரூபாய்க்கும் மிகாமல் இருக்க வேண்டும். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் தரும் ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தை 2025 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கியிருக்கிறது; அதையும் விசாரியுங்கள்.

என்னைப் போல இரத்த உறவில்லாதவர்களுக்கு 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 44-ஆம் பிரிவுதான் வாசல். இத்தகைய பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் பிள்ளையை நிறுத்தி, அந்தக் குழுவின் உத்தரவோடு வளர்க்க வேண்டும். 2024-இல் திருத்தப்பட்ட வழிகாட்டு நெறிகளின்படி, 35 வயது நிறைந்த தனித்து வாழும் பெண்ணும் வளர்ப்புத் தாயாகலாம். கணவனை இழந்து பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்கள் எத்தனையோ பேர் நம் கரையில் அடுத்தவர் பிள்ளையை வளர்க்கிறார்கள். அவர்களுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்லுங்கள்.

பத்திரத்தாளில் எழுதி, இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று ஊரில் சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். சட்ட வழியை விட்டுப் பிள்ளையைத் தத்துக் கொடுப்பதும் வாங்குவதும் மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்கு உரிய குற்றம். நல்ல மனத்தோடு எழுதிய பத்திரமே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள், அல்லது ராமநாதபுரத்தில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு நேரில் போங்கள். பிள்ளையைப் பிடுங்கி இல்லத்தில் சேர்த்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான் நான் இரண்டு ஆண்டுகள் போகவில்லை. விசாரணைக் காலத்தில் பிள்ளையை வேறிடத்தில் வைக்கக் குழுவுக்கு அதிகாரம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் இல்லம் கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் கொள்கை. பிள்ளையிடம் தனியாகக் கேட்பார்கள். எங்கள் பிள்ளை, “எனக்குப் பெரியம்மா வீட்டில்தான் தூக்கம் வரும்” என்றாளாம்.

பிறகு சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். எங்கே படுக்கிறாள், எந்தப் பள்ளி, கழிப்பறை உண்டா, கணவர் குடிப்பாரா என்று எல்லாம் கேட்பார். கோபப்படாதீர்கள், முன்பின் தெரியாத வீட்டில் ஒரு பிள்ளையை ஒப்படைப்பவர்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும். காவல்துறைச் சரிபார்ப்பும் மருத்துவச் சான்றும் உண்டு.

நம் கரைக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. கடலில் போனவருக்கு உடல் இல்லை, உடல் இல்லாததால் இறப்புச் சான்றிதழ் இல்லை. ஏழு ஆண்டுகள் தகவல் இல்லாமல் இருந்தால்தான் இறந்தவராகக் கருதலாம் என்கிறது சாட்சியச் சட்டம். அதுவரை காத்திருக்கப் பார்க்காதீர்கள், பிள்ளை பத்தாம் வகுப்புக்குப் போய்விடும். காவல் நிலையத்தில் பதிந்த முதல் தகவல் அறிக்கை, படகு மீன்வளத் துறையில் டோக்கன் பெற்றுப் புறப்பட்ட தேதி, உடன் போனவர்களின் வாக்குமூலம் ஆகிய மூன்றையும் திரட்டிக் குழுவிடம் கொடுங்கள். கவனிப்பாரற்ற பிள்ளைக்குப் பாதுகாப்புத் தர இறப்புச் சான்றிதழ் தேவையில்லை. உடன் போன நான்கு பேரில் இருவர் கேரளத்துக்குப் பிழைக்கப் போய்விட்டார்கள். அவர்களைத் தேடிப் பிடித்து எழுதி வாங்க என் கணவருக்கு ஒரு மீன்பிடித் தடைக்காலம் முழுவதும் ஆயிற்று.

இனிப் பணம். இந்த நடைமுறை எதற்கும் நீங்கள் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. எனக்குச் செலவானது பஸ் கட்டணம், ஜெராக்ஸ், புகைப்படம், கணவர் கடலுக்குப் போகாத நாட்களின் கூலி மட்டுமே. இடையில் ஒருவர், ஐயாயிரம் கொடுத்தால் உத்தரவை வாங்கித் தருகிறேன் என்றார். கொடுக்கவில்லை. உத்தரவு வந்தபின், மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் உண்டு. முன்பு 2,000 ஆக இருந்தது. ஆண்டுக்கு 48,000 ரூபாய். அதில் மத்திய அரசின் பங்கு நூற்றுக்கு அறுபது, மாநிலத்தின் பங்கு நாற்பது. தருமம் வாங்குவதாகக் கூனிக்குறுகி நிற்காதீர்கள். தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டுகிறோம். கேட்பாரற்ற பிள்ளைக்கு ஒரு வீடு கிடைக்க அந்தப் பணம் போகிறது. அதைவிட நல்ல செலவு அரசுக் கணக்கில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

உத்தரவு உங்களை வளர்ப்புப் பெற்றோர் ஆக்கும், சட்டப்படியான பாதுகாவலர் ஆக்காது. பிள்ளையின் பெயரில் நிலமோ, தந்தையின் காப்பீட்டுப் பணமோ இருந்தால் 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டப்படி மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்று ஒதுங்காதீர்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் சட்ட உதவி இலவசம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞரை அமர்த்தித் தரும், நீதிமன்றக் கட்டணத்தையும் ஏற்கும். தொலைபேசி 15100. தத்தெடுக்கவே விரும்பினால், பிள்ளை சட்டப்படி தத்துக்கு உரியவள் என்று குழு அறிவித்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் வளர்த்தபின் விண்ணப்பிக்கலாம். 2022 செப்டம்பர் முதல் தத்து உத்தரவை மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார். இந்து, முஸ்லிம், கிறித்தவர் என்ற வேறுபாடு இளைஞர் நீதிச் சட்டத்தில் இல்லை என்பதை, அதன் முந்தைய வடிவம் நடப்பில் இருந்தபோதே, 2014-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. முஸ்லிம்கள் நிறைந்த கீழக்கரையிலும் கிறித்தவர்கள் நிறைந்த தங்கச்சிமடத்திலும் இதை அறியாதவர்கள் நிறையப் பேர்.

உத்தரவு கைக்கு வந்ததும் ஐந்து நகல் எடுங்கள். ஒன்று பள்ளிக்கு, ஒன்று வங்கிக்கு, ஒன்று ரேஷன் கடைக்கு, இரண்டு வீட்டுக்கு. உப்புக் காற்றில் தாள் சீக்கிரம் மக்கிப்போகும். மூலப் பிரதியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். எங்கள் வீட்டில் அது பருப்பு டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்கும் தெரியும்.