சீரியல் கதையோடு தயாரிப்பாளரைப் பார்க்கப் போகும் முன்

சொந்தமாக ஒரு தொலைக்காட்சித் தொடருக்குக் கதை வைத்திருப்பவர்கள் முதலில் லாக்லைனை எழுதிவிடுங்கள். யாருடைய கதை, அவருக்கு என்ன வேண்டும், குறுக்கே நிற்பது எது என்பதெல்லாம் இரண்டே வரிக்குள் வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் கதையே இன்னும் தெளியவில்லை என்று அர்த்தம்.

அப்புறம் சீரிஸ் பைபிள், அதாவது தொடரின் கதை, பாத்திரங்கள், போக்கு எல்லாவற்றையும் சொல்லும் கையேடு. பத்துப் பதினைந்து பக்கம் போதும். பலரும் இதில் முதல் எபிசோடின் கதையை விலாவாரியாக எழுதிவிட்டு நின்றுவிடுகிறார்கள். கேட்பவருக்கு இருக்கும் பெரிய சந்தேகமே வேறு: ஒவ்வொரு எபிசோடுக்கும் புதிய சிக்கல் எங்கிருந்து வரும்? ஒரு மருத்துவமனைக் கதை என்றால் தினமும் புது நோயாளி வருவார். குடும்பக் கதைக்கு அப்படி வாசல் கிடையாது. பாத்திரங்களின் ஆசையும் ரகசியமும் ஒன்றோடொன்று மோதினால்தான் கதை நகரும். அதனால் பாத்திர அறிமுகத்தில் வயது, வேலையோடு நிறுத்தாமல், அவர் எதை மறைக்கிறார், யாரிடம் மறைக்கிறார் என்றும் எழுதுங்கள். பின்னால் வரும் ஐந்தாறு எபிசோடுகளுக்கு தலா மூன்று வரிக் கதைச்சுருக்கம் கொடுத்தால் நம்பிக்கை வரும். சீசன் முடிவையும் தைரியமாகச் சொல்லிவிடுங்கள், சஸ்பென்ஸ் வேண்டாம்.

பைலட், அதாவது முதல் எபிசோடின் திரைக்கதை முழுதாகக் கையில் இருக்கட்டும். ஒரு பக்கம் திரையில் சுமார் ஒரு நிமிடம் என்பது கணக்கு.

நேரில் சொல்ல பத்து நிமிடம்தான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு, காகிதத்தைப் பார்க்காமல் ஒரு நண்பரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் எங்கே போனை எடுக்கிறாரோ, அந்த இடத்தைத் திருத்துங்கள்.