வேக் டிரெஸ்ஸிங் கட்டும் முன் ரத்தக்குழாயைத் தேடுங்கள்

புண்ணுக்குள் ஃபோம் வைத்து, மேலே ஒட்டுப்படலம் போட்டு, பம்பால் கசிவை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சையை வார்டில் ‘வேக்’ என்றே சொல்கிறோம். ஆறாமல் இழுத்தடிக்கும் புண்களை அது ஆற்றுவதை நேரில் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2009-இலும் 2011-இலும் வெளியிட்ட எச்சரிக்கைகளில், இந்தச் சிகிச்சையின்போது நேர்ந்த 12 மரணங்களும் 174 பாதிப்புகளும் பதிவாகியுள்ளன. அவற்றில் மிகக் கொடியது ரத்தப்போக்கு. புதிதாக வேக் கட்டப் பழகும் செவிலியர்களுக்காக இதை எழுதுகிறேன். தொடை இடுக்கில் ரத்தக்குழாய் பைபாஸ் செய்து, தையல் பிரிந்துபோன ஒரு புண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் கேஸ் ஷீட்

ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின், வார்ஃபரின், குளோபிடோக்ரெல் போன்ற மருந்துகள் போகின்றனவா? ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். கடைசியாக எவ்வளவு? அந்த இடத்தில் கதிர்வீச்சு கொடுத்திருக்கிறார்களா? சீழ் பிடித்திருக்கிறதா? கதிர்வீச்சும் சீழும் குழாயின் சுவரை நலியச் செய்பவை. தையல் போட்ட குழாயும் அப்படித்தான்.

2. புண்ணின் அடித்தளம்

அவசரப்படக் கூடாத இடம் இது. நல்ல வெளிச்சத்தில், சலைனால் கழுவிவிட்டுப் பாருங்கள். அடியில் ஏதாவது துடிக்கிறதா? வெளிறிய குழாயோ, பைபாஸுக்கு வைத்த செயற்கைக் குழாயோ, தையல் நூலோ தெரிகிறதா? தெரிந்தால் ஃபோமைக் கீழே வைத்துவிட்டு அறுவை மருத்துவரை அழையுங்கள். வெளியே தெரியும் ரத்தக்குழாயின் மேல் நேரடியாக ஃபோம் வைக்கவே கூடாது. கூரான எலும்பு முனை தென்பட்டாலும் சொல்லுங்கள். உறிஞ்சும்போது புண் சுருங்கும். அந்த முனை குழாயைக் குத்திக் கிழித்துவிடும்.

3. மூடுவது

மிகச் சிறந்த மூடி நோயாளியின் சொந்தத் தசைதான். தொடை இடுக்கில் சார்டோரியஸ் தசையைத் திருப்பிக் குழாயின் மேல் போர்த்துவார்கள். அது இயலாத இடத்தில், ஒட்டாத நுண்வலைத் துணியைப் பல அடுக்காகப் போட்டு முழுமையாக மறைக்கும் முடிவை மருத்துவர் எடுக்கலாம். ஒற்றை அடுக்கு நகர்ந்துவிடும், அதை நம்பாதீர்கள்.

4. ஃபோம்

கறுப்பு ஃபோமின் துளைகளுக்குள் சதை வளர்ந்து நுழையும். வெள்ளை ஃபோம் அடர்த்தியானது, ஈரமானது, அவ்வளவாக ஒட்டாது. ஆனாலும் வெறும் குழாய்க்கு அதுவும் காப்பு ஆகாது. எத்தனை துண்டுகள் வைத்தீர்கள் என்பதைப் படலத்தின் மேலேயே தேதியோடு எழுதுங்கள். வழக்கமான அழுத்தம் கழித்தல் 125 மில்லிமீட்டர் பாதரசம். இப்படிப்பட்ட புண்ணுக்கு அதைக் குறைப்பதா என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். விட்டுவிட்டு உறிஞ்சும் முறை வேண்டாம், தொடர்ச்சியாகவே ஓடட்டும்.

5. அவிழ்ப்பது

கட்டும்போது காட்டும் கவனத்தை அவிழ்க்கும்போதும் காட்டுங்கள். ஒட்டிக்கொண்ட ஃபோமை இழுக்கையில் குழாய்ச் சுவரும் கூடவே பிய்ந்து வரலாம். பொதுவாக 48 முதல் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம். நாள் கடந்தால் ஒட்டு இறுகும். முன்கூட்டியே வலி மருந்து கொடுங்கள். பம்பை நிறுத்தி, ஃபோமைச் சலைனால் நனைத்து, 15 முதல் 30 நிமிடம் காத்திருங்கள். பிறகு மெல்ல எடுங்கள். வரவில்லையென்றால் மீண்டும் நனையுங்கள். துண்டுகளை எண்ணிச் சரிபாருங்கள்.

6. சிவப்பு தெரிந்தால்

டியூபிலோ, கசிவு சேரும் கேனிஸ்டரிலோ பளிச்சென்ற சிவப்பில் ரத்தம் ஓடினால் உடனே பம்பை நிறுத்துங்கள். டிரெஸ்ஸிங்கை அவிழ்க்காதீர்கள், அப்படியே மேலே கையால் அழுத்தி, மருத்துவரைக் கூவி அழையுங்கள். உள்ளே இருக்கும் ஃபோமைப் பிடுங்கினால் நிற்கவிருந்த ரத்தமும் பீறிடும். மருத்துவர் வரும்வரை அழுத்திய கையை எடுக்காதீர்கள்.

இரவில் கேனிஸ்டரை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் படுக்கையருகே இருக்கும் உறவினர்தான். அவரிடம் பம்பின் நிறுத்தும் பொத்தானைக் காட்டுங்கள். “சிவப்பாக ஓடினால் இதை அழுத்தி, கட்டின் மேல் கையை வைத்து அமுக்கிக்கொண்டே சத்தம் போடுங்கள் அம்மா, எங்களைத் தேடி எழுந்து வர வேண்டாம்” என்று சொல்லி, ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள்.