மும்பை ஈரத்தில் ரயில் மாடலுக்கு ஃபேசியா அடிப்பது

செம்பூரில் எங்கள் வீட்டு உள்ளறையில் கர்ஜத்–லோனாவளா மலைப்பாதை ஓடுகிறது, எச்.ஓ. அளவில், அதாவது நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு. மலை, சுரங்கம் எல்லாம் முடிந்தாலும் மேசை ஓரத்தில் தெர்மக்கோலும் ஒயரும் எட்டிப் பார்த்தால் வருகிறவர் கண் நேரே அங்கேதான் போகும். அதை மறைக்கும் முன்பலகைதான் ஃபேசியா.

3 மி.மீ. ஹார்டுபோர்டு போதும். எம்.டி.எஃப். ஓரம் ஜூன் மாத ஈரத்தில் ஊறி உப்பிவிடும். 8×4 ஷீட் லிஃப்ட்டில் ஏறாது. கடையிலேயே நீளவாக்கில் அறுத்து வாங்கினால் மாடிப்படியில் வளைத்துத் திருப்பிக் கொண்டுவரலாம். மேசைச் சட்டத்தில் அடிக்கு ஒரு ரீப்பர் துண்டு நிறுத்தி, அதில் ஸ்க்ரூ போடுங்கள். வளைவு இறுக்கமென்றால் சொரசொரப்பான பக்கத்தை நனைத்து, கிளாம்ப் போட்டு ராத்திரி முழுக்க விடுங்கள்.

மேல் ஓரத்துக்குத்தான் பொறுமை வேண்டும். நேர்கோட்டில் வெட்டினால் மலையைப் பெட்டியில் போட்டதுபோல் ஆகிவிடும். போர்டைத் தற்காலிகமாக நிறுத்தி, மேடு பள்ளத்தைப் பின்பக்கத்திலிருந்தே பென்சிலால் வரையுங்கள். தண்டவாளம் ஓரத்துக்கு வரும் இடத்தில் கோடு ஒரு விரல் கீழே இறங்கட்டும். 37 அடிக்கு 1 அடி ஏறும் அந்த ஏற்றத்தில் பாங்கர் என்ஜின் பின்னாலிருந்து தள்ளும்போது சக்கரம் தெரியாவிட்டால் என்ன சுகம்? வண்டி விழுமே என்று பயந்தால் அங்கே மட்டும் அக்ரிலிக் பட்டை வையுங்கள். வெட்டும்போது வழவழப்பான பக்கம் கீழே இருக்கட்டும். ஜிக்ஸா பிளேடு மேல்நோக்கி வெட்டுவதால் பிசிறு பின்பக்கத்திலேயே நின்றுவிடும்.

பாயிண்டை, அதாவது தண்டவாளம் பிரியும் இடத்தை, மாற்றும் சுவிட்சுகளுக்குப் பெயின்டுக்கு முன்பே துளை போட்டு, அவற்றை உள்தள்ளிப் பொருத்துங்கள். குறுகிய அறையில் விருந்தாளியின் தொப்பை பட்டு பாயிண்ட் மாறுவது எங்கள் வீட்டில் சகஜம்.

வெட்டிய ஓரத்தில் தண்ணீர் கலந்த ஃபெவிகால் பூசி, காய்ந்ததும் 220 நம்பர் உப்புத்தாள் போடுங்கள். பிரைமர் இரண்டு பக்கமும் கட்டாயம். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் மறுபக்கம் ஈரம் குடித்துப் பலகை வளையும். மூட்டுகளைப் பட்டியால் மறைக்கப் பார்க்காதீர்கள், விரிசல் விடும். தபால் கார்டு கனத்துக்கு இடைவெளி விட்டு, பின்னால் துண்டு கொடுத்தால் போதும்.

அப்புறம் நிறம். பளபளப்பு வேண்டாம், டியூப்லைட் அதில்தான் தெரியும். மேட் கரும்பச்சையை ரோலரால் இரண்டு கை அடியுங்கள். மலைக்கும் பலகைக்கும் நடுவே உள்ள இடைவெளியை, பலகையில் டேப் ஒட்டிக்கொண்டு, பிளாஸ்டர் வைத்து அடைத்துவிடுங்கள்.