ஹாம் ரேடியோவுக்குப் புதிதாக வருபவர்களிடம் நாம் செய்யும் தவறுகள்

ஹாம் ரேடியோ என்றால் உரிமம் வாங்கி, பொழுதுபோக்காக வயர்லெஸ்ஸில் பேசுவது. குளச்சல், முட்டம் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்து, "இந்த செட்டில் அப்பாவின் படகோடு பேசலாமா?" என்று கேட்பான். 2017-இல் ஒக்கி புயலைப் பார்த்த ஊர்க்காரன் வேறு என்ன கேட்பான்? சிரித்துவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பினால் அவன் மறுபடி வரமாட்டான். ஹாம்களான நமக்கான 2 மீட்டர் பேண்ட் என்ற அலைவரிசை 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை. படகுகள் பேசும் மரைன் விஎச்எஃப் அலைவரிசை 156 மெகாஹெர்ட்ஸை ஒட்டி இருக்கிறது, அதற்கு உரிமமும் வேறு. இரண்டிலுமே அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். அதனால்தான் ஆழ்கடலுக்குப் போன படகுக்குக் கரையிலிருந்து பேசினால் எட்டுவதில்லை. இவ்வளவுதான் பதில்; சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

அடுத்து, வந்த அன்றைக்கே என்ன செட் வாங்கலாம் என்று பட்டியல் போடுவது. உரிமம் இல்லாமல் ஒலிபரப்புவதே குற்றம், அதற்குள் விலைப் பேச்சு எதற்கு? மோர்ஸ் (புள்ளி, கோடு ஒலிகளால் செய்தி அனுப்பும் முறை) தெரியாதவன் ஹாமே இல்லை என்று சில பெரியவர்கள் பயமுறுத்துவதும் உண்டு. ரெஸ்ட்ரிக்டட் கிரேடு என்ற தொடக்கநிலை உரிமத்துக்கான தேர்வில் மோர்ஸ் கிடையாது. பன்னிரண்டு வயதானால் எழுதலாம்.

ஆனால் ஆளை அதிகமாக விரட்டுவது முதல் தடவை மைக் பிடிக்கும்போது நடப்பதுதான். தக்கலையில் ஒரு புதியவர் பிடிடி பட்டனை (பேசும்போது அழுத்திப் பிடிப்பது) அழுத்திய வேகத்திலேயே பேசிவிடுவார், கால் சைனின், அதாவது உரிமத்தோடு வரும் அடையாளப் பெயரின், முதல் எழுத்து வெட்டுப்படும். உடனே மூன்று சீனியர்கள் புகுந்து ஆளுக்கொரு திருத்தம் சொல்வார்கள். கேட்பவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். திருத்தத்தை அப்புறம் போனில் சொல்லலாமே! நாகர்கோவிலில் பொறுமையான நண்பர் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்து, கால் சைன், பெயர், ஊர், சிக்னல் ரிப்போர்ட் (எதிராளி எவ்வளவு நன்றாகக் கேட்கிறார் என்ற மதிப்பெண்) நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் முதல் பேச்சு நன்றாக அமையும். அதற்காக எல்லாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு 'ஐந்து ஒன்பது' என்ற மிக நல்ல ரிப்போர்ட்டைக் கொடுக்கவும் வேண்டாம். மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துக் குரல் குழறுகிறது என்றால் அதை அவர் எப்படித்தான் தெரிந்துகொள்வார்?

கேரள எல்லையோரம் என்பதால் இன்னொன்று: பேச்சு மலையாளத்துக்குப் போய்விட்டால், புரியாமல் காத்திருப்பவரை நடுவே ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

தேர்வு எழுதிவிட்டு உரிமம் கைக்கு வருவதற்குள் ஆர்வம் வடிந்துவிடும். அந்த நாட்களில் ஆளை மறந்துவிடுவதும் பெரிய தவறு. அப்போது சேர்ந்து ஆன்டெனா கட்டலாம். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு டைபோல் (நடுவில் கேபிள் இணைத்து இருபக்கமும் கம்பி நீட்டும் ஆன்டெனா) என்றால் ஒரு பக்கத்துக்குப் பத்து மீட்டர் கம்பி, இரண்டு தென்னை, கொஞ்சம் நைலான் கயிறு. கடலோரம் என்றால் இணைப்புகளுக்கு டேப் சுற்றி உப்புக்காற்று புகாமல் அடைக்க வேண்டும். இடி வரும்போது கேபிளை செட்டிலிருந்து கழற்றி வெளியே போடும் பழக்கத்தையும் கம்பி கட்டும் அன்றே சொல்லிவிடுங்கள், ஐப்பசி வரட்டும் என்று இருக்காதீர்கள்.